சபர்மதிக் கன்றும் நான்கு நிபந்தனைகளும்

1928 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட குஜராத்தி 'நவஜீவன்' இதழில் காந்தியடிகள் ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் அடுத்த வாரம், அக்டோபர் 4 அன்று, 'யங் இந்தியா'வில் வந்தது. பர்தோலி சத்தியாகிரகம் வெற்றியுடன் முடிந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. சைமன் குழு எதிர்ப்பில் நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. அக்கட்டுரையோ அரசியலைப் பற்றியதன்று. சபர்மதி ஆசிரமத்தின் தொழுவத்தில் இறந்துபோன ஒரு கன்றைப் பற்றியது. இறந்துபோனது என்பதும் சரியான சொல்லாகாது. காந்தியின் ஒப்புதலோடு, அவர் முன்னிலையில், மருத்துவர் ஒருவர் நச்சு ஊசி செலுத்தி அதன் உயிரை முடித்துவைத்தார். இரண்டு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டதென்று காந்தியே எழுதுகிறார்.

வீட்டில் வளர்த்த பூனைக்கோ நாய்க்கோ புற்றுநோய் முற்றிவிட்டதென்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்பவர்கள் இன்று ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். இது புதிய, மேல்தட்டு, மேலைநாட்டுக் கவலை என்று எளிதாக ஒதுக்கிவிடுவோரும் உண்டு. உண்மையில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்வி இந்நாட்டின் பொதுவெளியில், அச்சில், பெயர் பெற்ற ஒருவரால் எழுப்பப்பட்டு, வாரக்கணக்கில் விவாதிக்கப்பட்டது.

அது அகமதாபாத்தில் எழுந்தது என்பதும் தற்செயலன்று. நோயுற்ற, முதிர்ந்த, பயனற்ற விலங்குகளை இயல்பான இறப்பு வரும்வரை வைத்துக் காக்கும் பிஞ்சராபோல் என்னும் நிலையங்கள் குஜராத்தில் நெடுங்காலமாக இருந்துவந்தன. 1623இல் காம்பே துறைமுகத்திற்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, அங்கே பறவைகளுக்கான மருத்துவமனையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அவர் குறிப்புகளில் மறக்கவியலாத காட்சி ஒன்று உண்டு: தாயற்ற எலிக்குஞ்சுகளைப் பஞ்சுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர் இறகின் நுனியால் அவற்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாராம். பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல அரசு முனைந்தபோது 1832இல் பார்சிகள் கலகம் செய்தனர். அதன் தொடர்ச்சியாக 1834இல் அந்நகரின் பிஞ்சராபோல் உருவானது. சென்னை அயனாவரத்தில் இன்றும் அப்பெயரில் ஒரு பசுக்காப்பகம் இருக்கிறது.

இந்த மரபில் ஒரு கருத்து மிகத் தெளிவு. உயிரைப் பேணலாம், ஊட்டலாம், ஈ ஓட்டலாம். முடித்துவைக்க மட்டும் மனிதனுக்கு உரிமையில்லை.

கன்றுக்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே காந்தி இம்மரபோடு ஒருமுறை மோதியிருந்தார். 1926இல் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். அகமதாபாத்தின் ஜீவதயா அமைப்பு காந்தியிடம் முறையிட்டது. அவர் அம்பாலாலைக் கண்டிக்கவில்லை. வேறு வழியில்லாத நிலையில் செய்தது என்றே கருதினார்; எதிர்ப்புக் கடிதங்கள் குவியவே, தொடர்கட்டுரைகளாகப் பதிலெழுதினார். தம் சொந்தக் குழந்தையையே வெறிநோய் பற்றி, அந்த வேதனையைத் தணிக்க மருந்தேதும் இல்லாது போனால், அதன் உயிரை முடிப்பதைத் தம் கடமையாகக் கருதுவேன் என்ற அளவுக்குப் போனார். இருப்பினும் நாய்களின் விவகாரம் மனிதர்களின் பாதுகாப்பைப் பற்றியது. கன்றின் விவகாரத்தில் அந்தச் சாக்கு இல்லை. அக்கன்று யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அது நொந்து கிடந்தது, அவ்வளவுதான்.

பெரும்பாலான நூல்கள் இந்நிகழ்வை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன: காந்தி துணிந்தார், கன்று மடிந்தது, மரபாளர் சீறினர். கட்டுரையை முழுதாகப் படிக்கும்போது தெரிவது துணிச்சலன்று, நடைமுறை. கன்று ஊனமுற்று விழுந்தது. இயன்ற சிகிச்சையும் பணிவிடையும் தரப்பட்டன. ஆலோசனை கேட்கப்பட்ட அறுவை மருத்துவர், இனி உதவியோ நம்பிக்கையோ இல்லையென்று கைவிரித்தார். புரண்டு படுக்கக்கூட முடியாத அளவுக்கு வலி. அதன் பிறகே உயிரை முடித்து வேதனையை முடிக்கலாமா என்னும் எண்ணம் எழுகிறது. அப்போதும் காந்தி தனித்து முடிவெடுக்கவில்லை. பேச்சு ஆசிரமத்தார் அனைவர் முன்னிலையிலும் வைக்கப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். காந்தி அவர் பெயரைச் சொல்லவில்லை. மதிப்புக்குரிய அண்டை வீட்டார் என்று மட்டும் குறிக்கிறார். படைக்க இயலாத உயிரைப் பறிக்க நமக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வி. கேள்வியோடு நில்லாமல், தாமே அதற்குப் பணிவிடை செய்ய முன்வந்தார். ஆசிரமத்துச் சகோதரியர் சிலரோடு சேர்ந்து ஈ மொய்க்காமல் விரட்டுவதும், ஏதேனும் உண்ணச் செய்ய முயல்வதுமே அவரால் இயன்ற பணிவிடை. காந்தியின் பார்வையில் அந்தப் பணிவிடை கன்றின் வலியைத் தொடவில்லை. உரிமை பற்றிய வாதமும், தன்னலத்துக்காக உயிரெடுக்கும் இடத்தில்தான் பொருந்தும்.

தர்க்கத்தில் காந்தி வென்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அண்டை வீட்டாரை மூடநம்பிக்கையாளராகச் சித்திரிப்பது நியாயமாகாது. ஊசியை எதிர்த்துவிட்டு வீட்டுக்குப் போனவரல்லர் அவர். ஈ ஓட்ட உட்கார்ந்தவர். எதிர்ப்புக்குரிய விலையைத் தம் உடலுழைப்பால் கொடுக்க ஆயத்தமாக இருந்தார். அகமதாபாத்திலிருந்து சினத்துடன் கடிதம் எழுதியவர்களிடம் அந்த நேர்மை இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

கடிதங்கள் வந்தன, வசைகளும் வந்தன. காந்தி பதிலிறுத்துக்கொண்டே இருந்தார். மனிதருக்கும் இதே விதியைப் பொருத்துவீர்களா என்ற கேள்விக்கு, ஆம் என்றார். நோயைக் குணப்படுத்தக் கத்தி எடுக்கும் அறுவை மருத்துவர் இம்சை செய்பவராகார் என்பது அவர் காட்டிய ஒப்புமை. எனினும் நடைமுறையில் நாம் மனிதரைக் கொல்வதில்லை. ஏனெனில் அவர்களுக்கு உதவ ஏதேனும் ஒரு வழி எப்போதும் இருக்கிறது, அவர்களால் தாமே சிந்தித்து முடிவுசெய்யவும் முடிகிறது என்றார். விவாதம் வளரவே, நான்கு நிபந்தனைகளை வகுத்தார். நோய் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். தொடர்புடைய அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலை வந்திருக்க வேண்டும். நோயாளி தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உயிரெடுப்பதை அகிம்சையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

அதே கட்டுரையின் பிற்பகுதியில் ஆசிரமத்துப் பயிரை அழிக்கும் குரங்குகள் வருகின்றன. அவற்றைக் கொன்றால் அது இம்சையே என்கிறார். காரணம், அதன் பயன் கொல்பவனுக்குப் போகிறது. கன்றையும் குரங்கையும் ஒரே கட்டுரையில் வைத்தது தற்காப்புக்காக அன்று. யாருடைய துன்பம் முடிகிறது என்பதே அவருடைய அளவுகோல்.

நான்காவது நிபந்தனையைப் புரிந்துகொள்ள அவர் இல்லத்து வரலாறே உதவும். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா கடும் நோயுற்றுக் கிடந்தபோது, டர்பன் மருத்துவர் மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆக வேண்டும் என்றார். காந்திக்கு உடன்பாடில்லை, ஆயினும் கஸ்தூரிபாவிடம் கேட்டார். அவர் மறுத்தார். அந்த மெலிந்த உடலோடு அவரை மழையில் ரயிலேற்றி ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டுசென்றார் காந்தி. பிழைத்துக்கொண்டார். 1944இல் புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் நிலைமை வேறு. கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட பென்சிலினைச் செலுத்திப் பார்க்க வேண்டுமென்று மகன் தேவதாஸ் விரும்பினார். சில மணிக்கொருமுறை ஊசி குத்த வேண்டுமென்று அறிந்ததும் காந்தி தடுத்தார். இறக்கும் தறுவாயில் தாயை ஏன் வதைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிப்ரவரி 22 மாலையில் கஸ்தூரிபா மறைந்தார். காந்தி செய்தது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம், முதல்முறை நோயாளியின் வாய்ச்சொல் இருந்தது. இரண்டாம் முறை கணவனும் மகனும் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தனர்.

பூனை ஒருபோதும் பேசப்போவதில்லை. வலியைக் காட்டாமல் ஒளிப்பதும் அதன் இயல்பு. கட்டிலுக்கடியில் ஒதுங்குவது, மேனியை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துவது, ஏறிப் பழகிய சன்னல் திட்டில் ஏறாமலிருப்பது என்று சிறு அறிகுறிகளே கிடைக்கும். 2019இல் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிட ஓர் அளவீட்டை வெளியிட்டனர்: காது நிற்கும் விதம், கண் சுருக்கம், முகவாயின் இறுக்கம், மீசை மயிர், தலை தாழ்ந்திருத்தல் ஆகிய ஐந்து. வலி தெரிகிறதென்பதற்காக வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

சிகிச்சை ஒன்றுமில்லை என்பதும் சரியன்று. பூனைகளுக்குப் பரவலாக வரும் நிணநீர்ப் புற்றுக்கு வேதிச்சிகிச்சை உண்டு. அதன் நோக்கம் பெரும்பாலும் குணமன்று, நல்ல விதமாகக் கழியும் சில மாதங்கள். அதற்கு வசதியில்லாதவர்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சிறிது காலம் நிம்மதி தரும். நாக்கினடியில் வரும் புற்றோ எதற்கும் எளிதில் கட்டுப்படாது. உண்ண முடியாமல் போகும்போது கழுத்து வழியே குழாய் பொருத்தலாமா என்ற கேள்வி வரும். காந்தியின் முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று அப்போது சொல்லலாம். மூன்றாவது நிறைவேறிவிட்டதா? வலிநிவாரணியும் குழாயும் பணிவிடைதானே? அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்த அளவுகோல் இந்த இடத்திற்கே உரியது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்னும் ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண்; கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்க்கை இன்னும் ஏற்கத்தக்கது. எண்களை நம்பி ஓர் உயிரை முடிவுசெய்வதா என்று தயங்குவோர் உண்டு. நாள்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்துவந்தாலே போதும்; சென்ற வாரத்தை மனம் மாற்றி எழுதிக்கொள்ளாமல் அது தடுக்கும்.

காந்தியின் அளவுகோல் இன்றைய வீட்டில் இடறும் இடம் பணமும் களைப்பும். யாருடைய துன்பம் முடிகிறது? மூன்று மாதமாக உறங்காதவரின் துன்பமும் கூடவே முடிகிறது. இதைத் தன்னலமென்று எழுதிவிட்டால் எந்தக் குடும்பமும் அந்தத் தேர்வில் தேறாது. அந்தப் பக்கத்திலும் ஒரு தன்னலம் உண்டு: விட மனமில்லாமல் விலங்கின் வேதனையை நீட்டிப்பது. அண்டை வீட்டார் காலத்தில் அது தருமத்தின் பெயரால் நடந்தது. இன்று பாசத்தின் பெயரால் நடக்கிறது.

சட்டம் இதில் காந்தியின் பக்கமே நிற்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிட்ட விலங்கை முடித்துவைக்க இடமளிக்கிறது. 2001ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகள், 2023இல் மாற்றப்படும்வரை, அதற்கான முறையையும் சொல்லின. ஒரு நாயின் கண்ணெதிரே இன்னொரு நாய்க்கு அதைச் செய்யக் கூடாது என்பதும் அவ்விதிகளில் இருந்தது. மனிதர்க்கோ உச்ச நீதிமன்றம் 2011இலும் 2018இலும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதை மட்டுமே ஏற்றது, ஊசியை ஏற்கவில்லை.

சொல் ஒன்றுதான் இன்னும் தடுமாறுகிறது. இச்செயலுக்கான கிரேக்க வழிச் சொல்லின் பொருள் 'நல்ல சாவு'. அதற்குள் கொல்பவர் எவருமில்லை. தமிழில் வழங்கும் 'கருணைக்கொலை'யோ கருணையை முன்னே நிறுத்திக் கொலையைப் பின்னே வைத்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் அந்தப் பின்பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மருத்துவர்கள் பலர் இதை அறிந்தே, 'தூங்க வைத்துவிடலாம்' என்கிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அச்சொல் வேறொரு சிக்கலைத் தரும்: பூனை எப்போது எழுந்திருக்கும் என்று குழந்தை கேட்கும்.

காந்தி எந்த மென்சொல்லையும் தேடவில்லை. கொல்வது என்றே எழுதினார். கொல்வதும் அகிம்சையாகும் தருணம் எது என்றுதான் அப்பகுதிக்குத் தலைப்பிட்டார். அகமதாபாத் ஏற்காது என்று தெரிந்தே செய்ததாகவும் அதிலேயே சொல்லியிருக்கிறார். ஊசி போடப்பட்டபின் அந்த அண்டை வீட்டார் என்ன சொன்னார் என்பது மட்டும் அக்கட்டுரையில் இல்லை.