சாப்பாவுக்குக் காத்திருந்த அந்நியர்

அயல்நாடுகளில் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது நம்மையும் வந்து பார்த்துவிட்டுப் போவதுண்டு. அவ்வூர்களின் அழகைப் பற்றி அவர்கள் சொல்வது கொஞ்சம். அலுவலகங்களைப் பற்றிச் சொல்வதே மிகுதி. வீட்டு வாடகைச் சீட்டு இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் வாடகைக்கு வீடு இல்லை என்று சுற்றிவிடுகிறார்களாம். மொழி தெரியாத சாளரத்தின் முன் நிற்பவன் எவ்வளவு படித்திருந்தாலும் சிறுபிள்ளையாகிவிடுகிறான் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் நமக்குக் காண்டன் நினைவு வந்தது.

காண்டன் என்று ஐரோப்பியர் அழைத்தது தென்சீனத்தின் குவாங்ஜோ நகரை. 1757-இல் கியன்லோங் பேரரசர் பிறப்பித்த ஆணையால் மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்யச் சீனத்தில் அந்த ஒரு துறைமுகமே எஞ்சியது. 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை எண்பத்தைந்து ஆண்டுகள் இந்த ஏற்பாடு நீடித்தது. ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனியர், சுவீடியர், பின்னர் அமெரிக்கர், பம்பாய்ப் பார்சிகள் என யார் வந்தாலும், நகர மதிலுக்கு வெளியே முத்தாற்றங்கரையில் வரிசையாக நின்ற 'பதின்மூன்று பண்டகசாலை'களில்தான் தங்க வேண்டும். மதிலுக்குள் நுழைய அனுமதியில்லை. வணிகப் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போர்ச்சுகீசியரின் மக்காவுக்குப் போய்விட வேண்டும்.

வரலாற்று நூல்கள் இதனை அபினிப் போரின் முன்னுரையாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நம்மை ஈர்ப்பது போரன்று. அதற்கு முன்பு அங்கே வாழ்ந்தவனின் அன்றாடம்.

ஒரு கப்பல் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். மக்காவில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவனை ஏற்றிக்கொள்ளாமல் ஆற்றுக்குள் நுழைய முடியாது. வாம்போவா நங்கூரத்துறை வரைதான் கப்பல் போகலாம். அதற்கு மேல் சிறுபடகுகள். சரக்கில் ஒரு மூட்டையை இறக்குவதற்கு முன்பே மூவர் வேண்டும். அரசுக்குப் பிணைநிற்கும் ஹாங் வணிகர் ஒருவர். 'மொழிவல்லார்' எனப்பட்ட துபாஷி ஒருவர். சோறு, விறகு, வேலையாள் அனைத்துக்கும் பொறுப்பேற்கும் கொம்பரதோர் ஒருவர். பின்னர் ஒருநாள் சுங்க மேலாளர் வருவார். ஐரோப்பியர் அவரை 'ஹொப்போ' என்றனர். இசைக்கருவிகள் முழங்க, கப்பலின் பீரங்கிகள் மரியாதை வேட்டெழுப்ப அவர் ஏறிவந்து, முன் பாய்மரத்திலிருந்து பின் பாய்மரம் வரை நீளத்தையும் நடுவில் அகலத்தையும் அளக்கச் செய்வார். வரி அந்த அளவைப் பொறுத்தது. ஆனால் அதற்கு மேல் 'அன்பளிப்பு' என்று ஒரு தொகை உண்டு. கப்பல் சிறிதாயினும் பெரிதாயினும் 1950 டேல், அதாவது எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட வெள்ளி. அன்பளிப்புக்கு நிர்ணயித்த விலை இருந்தது என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வணிகம் முடிந்து கப்பல் புறப்பட 'பெரிய சாப்' என்னும் முத்திரையிட்ட தாள் வேண்டும். அது கைக்கு வராமல் ஆற்றுவாயைக் கடக்க இயலாது.

இந்த 'சாப்' என்னும் சொல்லை முதலில் படித்தபோது சீனச்சொல் என்றே எண்ணியிருந்தோம். அது இந்துஸ்தானியின் 'சாப்'. தமிழில் நாம் 'சாப்பா' குத்துகிறோமே, அதே சொல். அங்கிருந்து தேடத் தொடங்கினால், காண்டன் அந்நியனின் அன்றாடச் சொற்களில் பல நம் கடற்கரைகளைத் தொட்டுச் சென்றவையாக இருக்கின்றன. அவன் வணங்க வேண்டிய அதிகாரிக்கு 'மாண்டரின்' என்று பெயர். அது சீனமன்று, வடமொழி 'மந்திரி' மலாய்க்குப் போய்ப் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து உருமாறியது. அவன் கடைத்தெருவில் கொடுத்த, நடுவே சதுரத் துளையிட்ட செப்புக்காசுக்கு 'கேஷ்' என்று பெயர். அது நம் 'காசு'. (பணம் என்ற பொருளில் இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு, இரண்டும் வழியில் சந்தித்துக் கலந்துவிட்டன.) அவன் சரக்கை அடுக்கிய 'கோடவுன்' மலாய் வழியாகத் தெலுங்கு, தமிழ்க் 'கிட்டங்கி'யிலிருந்து வந்திருக்கலாம் என்பர். அவனுடைய வெள்ளியைத் தட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொன்னவன் 'ஷ்ராஃப்', நம் சராபு. 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் புரட்டினால் இவற்றையெல்லாம் காணலாம். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். ஊர் புதிது, அதிகாரி புதிது. அவர்களை அணுகும் சொற்கள் மட்டும் கப்பற்காரர்கள் பழைய துறைமுகங்களில் பொறுக்கியவை.

மொழியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அந்நியனுக்குச் சீனமொழி கற்பிப்பது குற்றமாகக் கருதப்பட்டது. துபாஷிகளோ அரசு உரிமம் பெற்றவர்கள், ஹொப்போவின் ஆட்கள். அவர்கள் பேசியது 'பிட்ஜின்' என்னும் கலப்பு ஆங்கிலம். தன் மொழியைத் தவிர வேறெதுவும் அறியாததால்தான் இவர்களுக்கு மொழிவல்லார் என்று பெயர் வந்தது போலும் என்று வில்லியம் ஹண்டர் கேலி செய்கிறார். இந்த ஹண்டர் 1825-இல் சிறுவயதில் அமெரிக்காவிலிருந்து காண்டனுக்கு வந்தவர். சீனம் கற்ற மிகச் சில அந்நியர்களில் ஒருவர். முதுமையில் 1882-இல் தம் காண்டன் நினைவுகளை நூலாக எழுதினார். பண்டகசாலைகளின் அருகே சில காசுக்கு விற்ற சிறு நூல் ஒன்றைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அதன் பெயர் 'பேய்ப்பேச்சு'. அட்டையில் முக்கோணத் தொப்பியும் கைத்தடியுமாக ஓர் ஐரோப்பியன். உள்ளே அந்நியச் சொற்களின் ஒலிப்பு சீன எழுத்தில். கடைக்காரனும் வேலையாளும் அதை மனனம் செய்துகொண்டு பிழைப்புக்கு வந்தார்கள். மொழி கற்கும் உழைப்பை மேற்கொண்டவர் யார் என்பது இதனால் விளங்கும். நம் புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதற்கு நேரெதிர். அவர் அந்நியரிடம் பணிபுரிந்த உள்ளூர்ப் பெருமகன். தம் நாட்குறிப்பில் எசமானரையே அளந்து வைத்தவர். காண்டன் துபாஷிகள் அப்படியொரு நாட்குறிப்பை எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

விதிகள் ஆண்டுதோறும் படித்துக்காட்டப்பட்டன. பெண்களை அழைத்துவரலாகாது, பல்லக்கில் ஏறலாகாது, இன்பத்துக்காகப் படகு வலிக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சலுகை கிடைத்தது. திங்களின் 8, 18, 28 ஆம் நாள்களில் பத்துப் பேருக்கு மிகாமல், துபாஷி துணைவர, அக்கரைப் பூந்தோட்டங்களுக்குச் சென்று வரலாம். 1830-இல் ஹாரியட் லோ என்னும் இளம் அமெரிக்கப் பெண் தம் சிற்றன்னையோடு மக்காவிலிருந்து காண்டனுக்கு வந்துவிட்டார். இரண்டு பெண்கள் ஆற்றங்கரையில் உலவியதற்காக அமெரிக்கரின் வணிகத்தையே நிறுத்துவோம் என்று அதிகாரிகள் எச்சரிக்க, சில வாரங்களில் அவர்கள் திரும்ப நேர்ந்தது. விதியை மீறியவனைத் தண்டிப்பதில்லை. அவனுக்குப் பிணைநின்ற ஹாங் வணிகரையும், துபாஷியையும், அவன் நாட்டார் அனைவரின் வணிகத்தையும் பிடிப்பார்கள். காண்டன் நிர்வாகத்தின் சூட்சுமமே இதுதான்.

பிடிபட்டவர்களுள் நாம் மறக்க முடியாதவர் லியூ யாபியன். 1759-இல் ஆங்கிலக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃபிளின்ட், சுங்க அதிகாரிகளின் கொள்ளையையும் வராத பழங்கடன் ஒன்றையும் குறித்து முறையிட எண்ணி, காண்டனை விட்டு வடக்கே கப்பலேறினார். நிங்போவில் விரட்டப்பட்டு, தியன்ஜின் வரை சென்று, தம் மனு பேரரசரை எட்டச் செய்துவிட்டார். ஃபிளின்ட் சீனம் பேசவும் எழுதவும் அறிந்தவர். எனினும் அரசவைக்குரிய நடையில் மனு எழுத உள்ளூரார் கை வேண்டியிருந்தது. அதை எழுதித் தந்தவர் லியூ. பேரரசர் விசாரணைக் குழுவை அனுப்பினார், ஹொப்போ பதவியிழந்தார். மனுவில் இருந்த குற்றச்சாட்டு மெய் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? ஆனாலும் முறைதவறி முறையிட்டதற்காக ஃபிளின்ட்டுக்கு மக்காவில் மூன்றாண்டுச் சிறை, பின்பு நாடுகடத்தல். லியூவுக்கு மரணதண்டனை.

அதன்பின் கற்பிக்க முன்வந்த சீனர்கள் எத்தகைய அச்சத்தோடு வந்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். 1807-இல் வந்த ராபர்ட் மாரிசனின் ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் சித்திரவதைக்குத் தப்ப நஞ்சைத் தம்மிடம் வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. இருபதாண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நமக்கு, பாடம் சொல்லித்தருவது இப்படியொரு தொழிலாக இருந்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஃபிளின்ட் நிகழ்ச்சியை ஒட்டி அவ்வாண்டே ஐந்து விதிகள் வந்தன. அவற்றுள் ஒன்று, சீன வணிகர் அந்நியரிடம் கடன் வாங்கலாகாது என்பது. இங்கே நம் சென்னைப்பட்டினம் கதைக்குள் வருகிறது. சென்னையில் பணம் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் விதியைப் பொருட்படுத்தாமல் ஹாங் வணிகர்களுக்கு ஆண்டுக்கு 18 முதல் 20 விழுக்காடு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவைக் கடனில் மூழ்கடித்த அதே கூட்டம்தான். வட்டி குட்டி போட்டு, முதலைப் பலமடங்கு தாண்டியது. 1779-இல் கடற்படைத் தளபதி வெர்னன், கடன்காரர்களுக்காகக் கேப்டன் பாண்டனைச் 'சீ ஹார்ஸ்' என்னும் போர்க்கப்பலில் காண்டனுக்கு அனுப்பினார். சட்டவிரோதக் கடனை வசூலிக்க அரசின் போர்க்கப்பல்! முடிவில் இரண்டு ஹாங் வணிகர்களின் சொத்து பறிமுதலாகி, அவர்கள் மேற்கெல்லையில் உள்ள இலிக்கு நாடுகடத்தப்பட்டனர். எஞ்சிய கடனை மற்ற ஹாங் வணிகர்கள் பத்தாண்டுகளில் கட்டித்தீர்க்க வேண்டுமென்று ஆணையாயிற்று.

ஆகவே, காண்டன் அந்நியர்களின் நூல்கள் நிறையப் புலம்பினாலும் நாம் அவர்களை அப்பாவிகளாகக் கருத வேண்டியதில்லை. உள்ளூர் அதிகாரியின் பேராசையைக் கண்டித்தவர்களில் பெரும்பாலோர் அதே பேராசையை நம்பி அபினி விற்றவர்கள். ஹண்டரே ஒரு காட்சியை ஒளிக்காமல் தருகிறார். 1837-இல் 'ரோஸ்' என்ற கப்பலில் அபினிப் பெட்டிகளோடு அவர் நான்ஆவ் தீவருகே நிற்கிறார். மாண்டரின் ஒருவர் பரிவாரத்துடன் ஏறுகிறார். இங்கே நிற்கக்கூடாது என்னும் பேரரசரின் ஆணை கம்பீரமாக வாசிக்கப்படுகிறது. பின்னர் அறைக்குள் மது வருகிறது, எத்தனை பெட்டி, தமக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கிறார், விடைபெறுகிறார். இருதரப்புக்கும் முகம் கெடவில்லை. கையூட்டை இவ்வளவு ஒழுங்காக நடத்திய இடத்தில் மனு எழுதியவன் உயிரிழந்தான் என்பதைத்தான் நம்மால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

அதே ஹண்டர்தான் ஹாங் வணிகர்களின் சொல்லைப் போல நம்பத்தக்கது உலகில் வேறில்லை என்றும் எழுதுகிறார். அவர்களில் மூத்தவரான ஹௌகுவாவிடம் 72,000 டாலர் கடன்பட்டு ஊர்திரும்ப முடியாமல் தவித்த அமெரிக்கர் ஒருவரை அழைத்து, அவர் கண்முன்னே கடன்பத்திரத்தைக் கிழித்துக் கூடையிலிட்டு, விரும்பும்போது போகலாம் என்று அந்தக் கிழவர் அனுப்பிவைத்தாராம். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. எந்த ஊர் அலுவலகத்திலும் நமக்குக் காரியம் முடித்துத் தருவது பெரும்பாலும் புத்தகத்தில் இல்லாத ஒருவர்தாம்.

1834-இல் கம்பெனியின் ஏகபோகம் முடிந்து, பிரிட்டிஷ் அரசின் கண்காணிப்பாளராக நேப்பியர் பிரபு வந்தார். உரிமத்தாள் இல்லாமலே நேரே காண்டனுக்கு வந்து, ஹாங் வணிகரைத் தவிர்த்துத் தலைமை ஆளுநருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மேலே 'விண்ணப்பம்' என்ற சொல் இல்லை; ஆகவே அது கடிதமும் இல்லை. நேப்பியரின் செயலர் நகர வாயிலில் மூன்று மணிநேரம் அதை நீட்டியபடி நின்றார். அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்தனர், பார்த்தனர், தொடவில்லை. சீன ஆவணங்களில் நேப்பியரின் பெயரை எழுதத் தேர்ந்த எழுத்துகளுக்கு 'உழைத்து இழிந்தவர்' என்னும்படியான பொருள் வந்தது வேறு. வணிகம் நிறுத்தப்பட்டது, காய்ச்சலோடு மக்காவுக்குத் திரும்பிய அவர் அக்டோபர் 11 அன்று அங்கேயே இறந்தார். எட்டாண்டுகள் கழித்து ஹாங் வணிகர்களின் தனியுரிமையும் பீரங்கிகளால் ஒழிக்கப்பட்டது. பண்டகசாலைகள் 1856 டிசம்பரில் எரிந்துபோயின.

ஃபிளின்ட்டைப் பற்றி ஒரு செய்தி விட்டுப்போயிற்று. இங்கிலாந்து திரும்பிய அவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு 1770 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார். சீனர்கள் ஒருவகைப் பயற்றை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, உப்பிட்டுத் திரைத்து 'தௌபு' என்னும் கட்டியைச் செய்யும் முறையை அதில் பொறுமையாக விளக்கியிருக்கிறார். மனு எழுதித் தந்தவர் இறந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.