தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரம்

அரசியல் கேலிச்சித்திரம்: நாட்டு நடப்பையோ ஆள்வோரின் போக்கையோ மிகைப்படுத்திய ஒரே காட்சியில் அடக்கி, நீண்ட தலையங்கம் சொல்லக்கூடிய விஷயத்தை, எழுத்துக் கூட்டிப் படிக்க அறியாதவனுக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்க வைக்கும் பத்திரிகைச் சித்திர வகை. விகட சித்திரம், பரிகாசப் படம், கருத்துப்படம், கார்ட்டூன் என்னும் பெயர்களாலும் இது தமிழில் வழங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுதேசி இயக்கத்தோடு சேர்ந்து தமிழுக்கு வந்த இக்கலை, பின்னர் வாரப் பத்திரிகைகளின் ஹாஸ்யத்தோடு கலந்து, சமூகப் பரிகாசமாகவும் விரிந்தது.

மேனாட்டு முன்மாதிரிகள்

1841இல் லண்டனில் தோன்றிய ‘பஞ்ச்’ பத்திரிகையே இவ்வகைச் சித்திரத்துக்கு உலகெங்கும் மாதிரியாக விளங்கியது. அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட், ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் வரைந்த படங்களால் நியூயார்க் நகரின் ஊழல் தலைவர் ட்வீடின் வீழ்ச்சிக்குத் துணை நின்றார். ஜோசப் கெப்ளரின் ‘பக்’, அதற்குப் போட்டியாக 1881இல் எழுந்த ‘ஜட்ஜ்’ ஆகியவை பலவண்ண அச்சில் அரசியல்வாதிகளையும் பெருமுதலாளிகளையும் எள்ளி நகையாடின. 1904இல் ‘பக்’ வெளியிட்ட ஒரு படம் அக்காலத்து அமெரிக்கச் சித்திரத்தின் இயல்பை நன்கு காட்டும். எண்ணெய்த் தொட்டியை உடலாகக் கொண்ட பெரிய எண்காலி ஒன்று, தன் கரங்களால் சட்டசபைக் கட்டடங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு, எஞ்சிய ஒரு கரத்தை வெள்ளை மாளிகையை நோக்கி நீட்டுகிறது. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஏகபோகத்தைப் பற்றி அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எனினும், சுதந்திர நாடாகிய அங்கும் இக்கலைக்கு எல்லை இருந்தது. 1911 முதல் நியூயார்க்கில் நடந்த ‘தி மாசஸ்’ என்னும் சமதர்மப் பத்திரிகை, முதல் உலகப்போரை எதிர்த்தமையால், 1917இல் இயற்றப்பட்ட உளவுச் சட்டத்தின் கீழ்த் தபாலில் செல்லும் உரிமையை இழந்து நின்றுபோயிற்று. அதன் ஆசிரியரும் சித்திரக்காரர் ஆர்ட் யங்கும் பிறரும் 1918இல் இருமுறை விசாரிக்கப்பட்டனர். இருமுறையும் ஜூரர்கள் ஒருமனப்படாததால் தண்டனையினின்று தப்பினர்.

இந்தியாவில் தோற்றம்

லண்டன் ‘பஞ்ச்’சின் பெயரையே தாங்கிய பத்திரிகைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயிலும் வடநாட்டிலும் எழுந்தன. அவற்றுள் பம்பாயின் ‘ஹிந்தி பஞ்ச்’சும், 1877இல் லக்னோவில் உருதுமொழியில் தொடங்கிய ‘அவத் பஞ்ச்’சும் பெயர் பெற்றவை. வடிவம் மேனாட்டதாயினும், வேட்டியும் தலைப்பாகையும் புராண பாத்திரங்களும் இப்படங்களில் இடம்பெறத் தொடங்கியதும் அவ்வடிவம் இந்நாட்டுக்கு உரியதாயிற்று.

பாரதியும் ‘இந்தியா’வும்

1905இல் கர்சன் பிரபு வங்காளத்தைப் பிரித்ததையொட்டி எழுந்த கிளர்ச்சி சென்னை ராஜதானியிலும் பரவியபொழுது, மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். என். திருமலாசாரியாரின் ஆதரவில் 1906ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தொடங்கப்பெற்றது. அதனை நடத்திய சி. சுப்பிரமணிய பாரதி, தமிழ்ப் பத்திரிகை உலகில் அரசியல் கேலிச்சித்திரத்தை முறையாகப் புகுத்தியவர் என்னும் சிறப்புக்கு உரியவர். அந்நியத் துணி பகிஷ்காரம், நாட்டின் செல்வம் வெளியேறுதல், பஞ்சம், காங்கிரசில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் மூண்ட பூசல், ஆங்கில ஆட்சியாளரின் சீர்திருத்த வாக்குறுதிகள் முதலியன அப்படங்களின் பொருளாயின. தமிழ் மக்கள் கதாகாலட்சேபத்திலும் தெருக்கூத்திலும் கேட்டுப் பழகிய புராண நிகழ்ச்சிகளையும் பிராணிக் கதைகளையும் அன்றைய அரசியலுக்குப் பொருத்திக் காட்டியமையால், கல்கத்தாவிலும் லண்டனிலும் நடந்தவற்றைத் திருநெல்வேலிக் கிராமவாசியும் தன் வீட்டு விஷயமாகக் கொள்ள முடிந்தது. பாரத மாதாவைத் தேசப்படத்தோடு இணைத்துக் காட்டும் வழக்கத்தைத் தமிழரிடையே பரப்பியதிலும் பாரதியின் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1908இல் ராஜாங்கத்தின் கை இறுகியது. அவ்வாண்டு மார்ச்சில் சுதேசி இயக்கத் தலைவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். பின்னர் ‘இந்தியா’வில் வெளிவந்த கட்டுரைகளுக்காக, அதன் ஆசிரியராகச் சட்டப்படி பதிவாகியிருந்த மு. சீனிவாசன் ராஜத்துரோகக் குற்றத்துக்கு உள்ளாகி ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்தது. அங்கிருந்து படங்களோடு தொடர்ந்து வெளிவந்த ‘இந்தியா’, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையாதவாறு தடுக்கப்பட்டதால் வாசகரையும் வருவாயையும் இழந்து 1910ஆம் ஆண்டு மார்ச்சில் நின்றது. கேலிச்சித்திரங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்னும் தனிப் பத்திரிகை நடத்தப் பாரதி கொண்ட எண்ணமும் கைகூடவில்லை. அந்தப் படங்கள் தனி நூலாகத் தொகுக்கப்பெற்றது 1994இல்தான். அத்தொகுப்பின் பதிப்பாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி.

விகடன் காலம்

1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகட’னை 1928இல் எஸ். எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்தும், மாலி என்னும் மகாலிங்கத்தின் கோடும் அதில் சேர்ந்தபொழுது, தமிழ்க் கேலிச்சித்திரத்துக்கு இரண்டாம் பருவம் பிறந்தது. பாரதியின் படங்கள் ராஜாங்கத்தை எதிர்த்துப் போர் தொடுத்தவை. மாலியின் படங்களோ சங்கீத வித்வான்களின் அங்க சேஷ்டை, நாகரிகம் தேடும் நகரவாசியின் தடுமாற்றம், அரசியல் தலைவரின் முகபாவம் ஆகிய எல்லாவற்றையும் ஓரிரு கோடுகளில் பிடித்து, பரிகசிக்கப்பட்டவரும் உடன் சிரிக்கும்படி செய்தவை. குடுமியோடு சிரிக்கும் விகடன் தாத்தாவின் முகம் மாலியின் கற்பனையே. அவரை ஆசானாகக் கொண்ட கோபுலு, சில்பி முதலியோர் இக்கோட்டு மரபை அடுத்த அரை நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றனர்.

மலையாள நாட்டில்

சூரியநெல்லி, தேவிகுளம் முதலிய மலைத் தோட்டங்களில் தமிழும் மலையாளமும் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) அடுத்தடுத்த வீட்டில் ஒலிப்பதுபோல, இவ்விரு மொழிகளின் கேலிச்சித்திர வரலாறும் அடுத்தடுத்தே நிகழ்ந்தது. 1919இல் கொல்லத்திலிருந்து வந்த ‘விதூஷகன்’ பத்திரிகையில் வெளியான ‘மகாக்ஷாமதேவதை’ என்னும் படமே மலையாளத்தின் முதல் கேலிச்சித்திரமாகக் கருதப்படுகிறது. போருக்குப் பின் நேர்ந்த பஞ்சத்தை ஒரு கொடிய தேவதையாக அது உருவகித்தது. காயங்குளத்துச் சித்திரக்காரர் சங்கர் 1948இல் டில்லியில் தொடங்கிய ‘சங்கர்ஸ் வீக்லி’, பாலக்காட்டு ஓ. வி. விஜயன் முதலிய பலருக்குப் பயிற்சிக்களமாக இருந்து, 1975இல் நெருக்கடிநிலைக் காலத்தில் நிறுத்தப்பட்டது.

மதிப்பீடு

தமிழில் கேலிச்சித்திரம் வேடிக்கைக்காகப் பிறக்கவில்லை. பேச இடம் மறுக்கப்பட்ட ஒரு தேசத்தின் வாயாகவே பிறந்தது. படத்தைக் கண்டு வாசகன் சிரிக்க, அதற்குரிய விலையைப் பத்திரிகாசிரியன் கொடுப்பதும் அன்னிய ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. சட்டசபை உறுப்பினரையும் மந்திரிகளையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக, 1987ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அவர் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் அவருக்கு வழங்கச் சொன்ன நஷ்டஈடு 1,000 ரூபாய்.