குல்மர்க்: சுல்தான் பார்த்த புல்வெளியும் நாம் ஏறப்போகும் பனிமலையும்



என்னிடம் படித்த மாணவி ஒருவர் போன வாரம் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "சேர், டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட காஷ்மீர் போறம். உம்மாவையும் கூட்டிட்டுப் போறம். குல்மர்க்ல பனி இருக்குமா? கேபிள் கார்ல மேல வரைக்கும் போகலாமாம், உம்மாவுக்கு ஏலுமா?"

கேள்வி இரண்டும் சின்னவைதான். ஆனாலும் ஒரு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. இப்போது நம் ஊரிலிருந்து பல குடும்பங்கள் காஷ்மீர் போகத் தொடங்கிவிட்டன. விளம்பரத்தில் இருப்பது வெள்ளைப் பனியும் சிரித்த முகங்களும்தான். அந்த இடத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெளிவாகிவிடும். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் உயரத்தைப் பிடித்துக்கொள்வோம். நம் நாட்டின் மிக உயரமான மலை பீதுருதாலகால. அதன் உச்சி 2,524 மீற்றர். குல்மர்க்கில் பஸ்ஸும் வேனும் போய் நிற்கிற, குதிரைகள் மேய்கிற அந்தப் புல்வெளியே சுமார் 2,650 மீற்றர். நம் நாட்டின் உச்சியை விட அவர்களுடைய புல்வெளி உயரம். அதற்கும் மேலே அபர்வாத் என்ற மலை கிட்டத்தட்ட 4,200 மீற்றருக்கு நிற்கிறது. ஆகவே குல்மர்க் என்பது இரண்டு இடம்: கீழே புல்வெளி, மேலே மலை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

பெயரைப் பார்ப்போம். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ. காஷ்மீரி மொழியில் 'மர்க்' என்றால் மலைமேல் உள்ள புல்வெளி. சோனமர்க், கிலன்மர்க் என்ற ஊர்ப்பெயர்களில் வருவதும் அதே சொல்தான். இடையர்கள் முன்பு இந்த இடத்தைக் கௌரிமர்க் என்று அழைத்தார்கள் என்றும், 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக் இங்கே பூத்துக் கிடந்த பூக்களைப் பார்த்துக் குல்மர்க் என்று பெயரிட்டார் என்றும் சொல்வார்கள். காஷ்மீர் மக்கள் இன்றும் கொண்டாடுகிற கவிஞர் ஹப்பா காத்தூனின் கணவராக நினைவுகூரப்படுபவர் இவரே. பிறகு பேரரசர் அக்பர் இவரைச் சிறைப்படுத்தினார். தன் மலைகளைத் திரும்பப் பார்க்காமலேயே மரணித்தார். அவருடைய கப்று இன்றும் பீகாரில்தான் இருக்கிறது.

அதற்குப் பின் முகலாயர்கள் வந்தார்கள். காஷ்மீர் மீது ஜஹாங்கீருக்கு இருந்த ஆசை வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். காஷ்மீர்ப் பூக்களை நூற்றுக்கும் மேலாகத் தன் ஓவியர் மன்சூரைக் கொண்டு வரைவித்ததாக அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1627இல் அவர் மரணித்ததும் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுல்தானும் பேரரசரும் தேடி வந்தது பூவை. பூ இருப்பது வசந்தத்திலும் கோடையிலும். குளிர் நெருங்கும்போது அரச பரிவாரம் கீழே இறங்கிவிடும். பீர் பஞ்சால் மலைக்கணவாய்களைப் பனி மூடிவிட்டால் யானையும் குதிரையும் கடக்க முடியாது. குளிர்காலக் குல்மர்க் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

பிரித்தானியர்களும் அப்படித்தான். இந்தியச் சமவெளியின் வெயிலுக்குத் தப்பி கோடையில் வந்தார்கள். புல்வெளியில் கோல்ஃப் மைதானம் போட்டார்கள். 1902இல் ஒரு சின்ன தேவாலயம் கட்டினார்கள். நுவரெலியாவில் நாம் பார்க்கிற அதே கதைதான்: கோல்ஃப், தேவாலயம், மரவீடுகள். குளிர் வந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

குளிர்காலத்தில் விரும்பிப் போனவர்கள் 1927இல்தான் வந்தார்கள். அந்த வருடம் சில பிரித்தானியர்கள் சேர்ந்து இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை அங்கே தொடங்கினார்கள். நத்தாரிலும் ஈஸ்டரிலும் கூடிச் சறுக்குவார்கள். அப்போது கேபிள் கார் இல்லை. சறுக்க விரும்பியவர் மணிக்கணக்காகத் தன் காலால் ஏற வேண்டும். ஏறும்போதே பனி எப்படி இருக்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று கால் அறிந்துவிடும்.

1947இல் அதுவும் முடிந்தது. பிரிவினையும் போரும் வந்தன. 1948இல் இந்திய இராணுவம் தன் பனிச்சறுக்குப் பயிற்சிப் பாடசாலையை அங்கே தொடங்கியது. பிறகு 1960களில் இந்திய அரசு, உலக சம்பியனான ஒஸ்திரிய வீரர் ருடொல்ப் மாட்டை அழைத்து, இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பொருத்தமான இடம் எது என்று கேட்டது. அவர் காட்டிய இடம் குல்மர்க். 1968இல் பயிற்றுநர்களை உருவாக்கும் நிறுவனம் அங்கே தொடங்கியது.

கேபிள் கார் வேலை 1980களின் இறுதியில் ஆரம்பித்து, காஷ்மீர் மோதல் வெடித்ததும் நின்று போனது. முதல் கட்டம் 1998இல்தான் ஓடத் தொடங்கியது. அது புல்வெளியிலிருந்து சுமார் 3,080 மீற்றரில் உள்ள கொங்டூரி வரை போகிறது. இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டது. அது கொங்டூரியிலிருந்து 3,900 மீற்றருக்கும் மேலே, அபர்வாத்தின் தோள் வரை போகிறது. ஒவ்வொரு கட்டமும் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான்.

யோசித்துப் பாருங்கள். சுல்தானும் பேரரசரும் பார்க்காத, 1927இன் சறுக்குக்காரர் அரை நாள் ஏறிப் போன, இராணுவ வீரர் பயிற்சி எடுத்துப் போன அந்த மலைக்கு இன்று டிக்கட் எடுத்த யாரும் அரை மணிநேரத்தில் போய்விடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் நம்மைச் சீக்கிரம் ஏற்றிவிட்டது என்பதற்காக மலை மாறிவிடவில்லை.

மலையின் அமைப்பைப் பார்ப்போம். புல்வெளி ஒரு கிண்ணம் போன்றது. சுற்றிலும் தேவதாரு, பைன் மரங்கள். சரிவு குறைவு. குழந்தைகளும் புதிதாகச் சறுக்கப் பழகுகிறவர்களும் இருக்க வேண்டிய இடம் அது. கொங்டூரிக்கு மேலே போகப் போக மரம் இல்லை. வெறும் பனிச்சரிவு, இடையிடையே பள்ளத்தாக்குக் கீறல்கள். கேபிள் காருக்குக் கீழே இருக்கிற பிரதானச் சரிவை மட்டும் பாதுகாப்புக் குழுவினர் கண்காணிக்கிறார்கள். பனி ஆபத்தாகக் குவிந்தால் வெடி வைத்து முன்கூட்டியே சரித்து விடுகிறார்கள். அதற்கு இடமும் வலமும் உள்ள சரிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பாவின் பெரிய பனிச்சறுக்கு இடங்களில் போல வேலியும் அடையாளக் கம்பமும் போட்ட பல பாதைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

பனிச்சரிவு எப்படி வருகிறது? நம் மலையகத்து மண்சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வலுவில்லாத படை, மேலே கனம் ஏறுகிறது, ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்குகிறது. பனியிலும் அதே கதைதான். நீண்ட குளிர், வறட்சி நாட்களில் பழைய பனி சீனி மாதிரிப் பிடிப்பில்லாமல் ஆகிவிடும். அதன்மேல் ஒரே தடவையில் புதுப்பனி விழும். காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும். சுமார் 30 முதல் 45 பாகை சரிவுதான் மிக ஆபத்து. சறுக்க ஆசை வருகிற சரிவும் அதுவேதான்.

2010 பெப்ரவரி 8ஆம் திகதி கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த 17 இராணுவ வீரர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். அவர்கள் பனியில் வாழப் பழகியவர்கள். 2023 பெப்ரவரி 1ஆம் திகதி போலந்து நாட்டவர் இருவர். 2024 பெப்ரவரி 22ஆம் திகதி ரஷ்ய நாட்டவர் ஒருவர். கடைசி இரண்டிலும் சில நாட்களுக்கு முன்னர்தான் பலத்த பனி பெய்திருந்தது. புயல் ஓய்ந்து வானம் நீலமாகத் தெளிந்ததும் எல்லோருக்கும் மேலே போக ஆசை வரும். புதிதாக விழுந்த பனி இன்னும் உறுதியாகாத நேரமும் அதுதான்.

காற்றும் சாதாரணமானதல்ல. 2017 ஜூன் மாதம், பனியே இல்லாத காலத்தில், பலத்த காற்றில் ஒரு மரம் கேபிள் மேல் சாய்ந்து பெட்டி விழுந்ததில் 7 பேர் மரணித்தார்கள். அதில் மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். ஆகவே காற்று அடிக்கிறது என்று இரண்டாம் கட்டத்தை நிறுத்தினால் சண்டை பிடிக்காதீர்கள்.

இப்போது "பனி இருக்குமா" என்ற கேள்வி. காஷ்மீரின் குளிர்காலப் பனி நம் பருவக்காற்றுப் போல மாதக்கணக்கில் தொடர்ந்து வருவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் மேகக் கூட்டங்கள் கொண்டு வருவது அது. ஒன்று வந்தால் இரண்டு மூன்று நாள் பெய்யும், பிறகு தெளியும். அடுத்தது எப்போது என்று ஒரு மாதத்துக்கு முன்பே யாராலும் சொல்ல முடியாது.

காஷ்மீரிகளிடம் இதற்கு ஒரு பழைய நாட்காட்டி இருக்கிறது. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். அடுத்த 20 நாள் 'சில்லை குர்த்', அதற்கடுத்த 10 நாள் 'சில்லை பச்சா'. பெரியது, சின்னது, குழந்தை என்று குளிருக்கே குடும்பம் வைத்திருக்கிறார்கள். பெரன் என்ற நீண்ட அங்கிக்குள் தணல் போட்ட காங்கிரிச் சட்டியை அணைத்துக்கொண்டு அந்த 70 நாளைக் கடத்துவார்கள்.

இப்போது அந்த நாட்காட்டி தடுமாறுகிறது. 2024 ஜனவரியில், சில்லை கலான் நடுவில், குல்மர்க் வெறும் பழுப்பு நிறத் தரையாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 பெப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த இந்தியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப் போனது. நமக்கு அது ஒரு பயணத்தின் ஏமாற்றம். மரச்சறுக்கு வண்டி இழுக்கிறவருக்கும், குதிரைக்காரருக்கும், பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறவருக்கும் அது வருடத்தின் வருமானம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பயணிகள் வருகையும் விழுந்தது. பனியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும்? போகிறவர்கள் அவர்களோடு பேரம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

திட்டமிடுகிறவர்களுக்குச் சுருக்கமாக:

1. டிசம்பரில் போனால் பனி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நம்பிக்கையான காலம் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை. நமது நோன்பு விடுமுறை இப்போது பெப்ரவரிப் பக்கம் வருகிறது. நோன்போடு அந்தக் குளிரில் பயணம் செய்வதா என்பது அவரவர் முடிவு.

2. குல்மர்க்குக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்காதீர்கள். காற்றோ பனியோ பாதையையும் கேபிள் காரையும் மூடலாம். இரண்டு இரவு தங்கினால் ஒரு நல்ல நாள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

3. உயரம் ஏற ஏறக் குளிர் கூடும். புல்வெளியை விட மேல் நிலையத்தில் சுமார் 8 பாகை குறைவாக இருக்கும், காற்று அதை இன்னும் கூட்டும். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 வீதம்தான். மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இதய நோய், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேளுங்கள்.

4. பனிச்சரிவு எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறார்கள். குல்மர்க் இருப்பது பாரமுல்லா மாவட்டத்தில். நம் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மண்சரிவு எச்சரிக்கை விட்டால் எப்படிக் கவனிப்போமோ, அப்படிக் கவனியுங்கள். பெரும் பனி பெய்த அடுத்த ஒன்றிரண்டு நாள், பிள்ளைகள் கேட்டாலும், பிரதானச் சரிவை விட்டு விலக வேண்டாம்.

மாணவிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "மகள், உம்மாவை முதல் நாள் புல்வெளியிலேயே வைத்திருங்கள். சுல்தான் பெயர் வைத்த இடம் அதுதான், அதுவே அழகு. அடுத்த நாள் உடம்பு நல்லா இருந்தால் கொங்டூரி வரை கூட்டிப் போங்கள். அதற்கு மேலே உம்மா வேண்டாம். நீங்கள் போவதென்றால் வானத்தைப் பார்த்து, அங்குள்ளவர்களைக் கேட்டுப் போங்கள். அவர்கள் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால், டிக்கட் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வாங்கள்."

அல்லாஹ் பயணம் போகிற எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. காஷ்மீர் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், போக இருப்பவர்களுக்கு உதவும்.