கயிறு மாறிய பிறகு...

காலையில் கடையைத் திறந்தால் சாமான்கள் நாசமாகிக் கிடக்கின்றன. யார் வேலை என்று பிடிக்க, ஊழியர்கள் மூன்று பேர் ராத்திரி கடைக்குள்ளேயே தங்குகிறார்கள்... அமெரிக்கர் கிரேடி ஹென்ட்ரிக்ஸ் எழுதி, 2014-ல் வந்த ‘ஹாரர்ஸ்டோர்’ நாவலின் ஆரம்பம் இது. புத்தகமே ஃபர்னிச்சர் கேட்லாக் மாதிரி இருக்கும். மேனேஜர் பாஷையை நக்கலடித்துக்கொண்டே பேயையும் காட்டுவார் மனிதர்!

ஆபீஸையும் திகிலையும் கலக்க வெள்ளைக்காரனுக்குத்தான் வரும் என்று நினைத்தால், புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு நடை வாருங்கள். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஆவுடையார்கோயில். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். பழைய பெயர் திருப்பெருந்துறை. நம்முடைய திகில் கதை ஆரம்பிப்பது இங்கேதான்.

மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஒரேயொரு தடவை ஆடிட்டர் கண்ணோடு படித்துப் பாருங்கள். (பக்தர்கள் கோபிக்க வேண்டாம். பி.காம். படித்தவன் புத்தி!)

அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் அவர். குதிரை வாங்கக் கஜானாவிலிருந்து பெரும்பணம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பெருந்துறையில் குருவைக் கண்டதும் அத்தனையும் கோயிலுக்குப் போய்விடுகிறது. பணமும் இல்லை, சரக்கும் இல்லை. ராஜாவிடமிருந்து ஓலை வருகிறது. ‘ஆவணி மூலத்தன்று குதிரை வரும்’ என்று பதில் போகிறது. டெலிவரி தேதி சொல்லி மேலிடத்தைச் சமாளிக்கும் கலைக்கு வயசு அதிகம், பாருங்கள். சொன்ன நாளில் குதிரைகளும் மதுரைக்கு வந்து சேர்கின்றன. ஓட்டி வந்த வியாபாரி சிவபெருமான். குதிரைகள் அத்தனையும் நரிகள்!

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். வியாபாரி ஒரு நிபந்தனை போடுகிறார். கயிறு மாற்றிக்கொள்வோம், அதற்குப் பிறகு குதிரைக்கு எது நடந்தாலும் எங்களைக் கேட்கக் கூடாது. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை கைமாறும்போது நஷ்டத்தின் பொறுப்பும் கைமாறும். காலேஜில் இந்த ஷரத்தை நரியை வைத்து நடத்தியிருந்தால் ஒருத்தரும் ஃபெயிலாகியிருக்க மாட்டார்கள்.

அன்று ராத்திரியே குதிரைகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டபடி ஓடுகின்றன. வந்த சரக்கும் இல்லை, இருந்த சரக்கும் போச்சு. விடிந்ததும் அதை ராஜாவிடம் போய்ச் சொல்ல வேண்டிய லாயக்காரன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! வியாபாரியைக் கேட்க முடியாது, கயிறு மாறிவிட்டது. சிக்கியவர் அதிகாரிதான். வைகையின் சுடுமணலில் நிறுத்தினார்கள்.

இது புராணம். பாண்டியர்களின் நிஜக் குதிரைக் கணக்கு இதைவிடத் திகில்.

13-ம் நூற்றாண்டின் கடைசி. பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் ஓர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்கிறார். பாண்டிய நாட்டுக்கு வருஷத்துக்கு 1,400 குதிரைகள், ஒன்று 220 பொன் தினார். பெருக்கினால் 3,08,000. வழியில் குதிரை செத்தால்? அதற்கும் அரசுக் கஜானாதான் பணம் தர வேண்டும்! புராணத்து ராஜாவுக்காவது கயிறு மாறிய பிறகுதான் நஷ்டம். இவருக்கு நடுக்கடலிலேயே நஷ்டம்.

வஸ்ஸாஃப் இன்னொன்றும் சொல்கிறார். அதற்குச் சற்று முந்தைய காலத்தில் பாண்டிய நாட்டுக்கும் காம்பே முதலான துறைமுகங்களுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின. மொத்த விலை 22 லட்சம் தினார். (எண்களில் அவர் கொஞ்சம் தாராளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) இந்தப் பணம் எங்கிருந்து வந்ததாம்? கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த கணிகையரிடம் வாங்கிய வரியிலிருந்தும். மாணிக்கவாசகர் குதிரைப் பணத்தைக் கோயிலுக்குக் கொடுத்து மணலில் நின்றார். கோயில் பணத்தைக் குதிரைக்குக் கொடுத்தவர்களை யாரும் எந்த மணலிலும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த லாயங்களைக் காலி செய்ய நரியும் தேவைப்படவில்லை. அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வருஷத்துக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்கும் ராஜாவிடம் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். பராமரிக்கத் தெரியாமல் எல்லாம் செத்துப்போகும். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் கூட்டி வர மாட்டார்களாம். தானாக வரப் பார்த்தவர்களையும் வர விடமாட்டார்களாம். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவது?