அறுந்த தண்டுவடம் மீண்டும் வளருமா?

பாபநாசத்தில் தாமிரபரணி நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1944-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அங்கே எந்திரம் நன்றாகச் சுழல்கிறது. திருநெல்வேலியில் ஒரு வீட்டிலுள்ள விளக்கிலும் பழுதில்லை. இடையே கம்பி மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியுமா? எரியாது. தண்டுவடத்தில் அடிபட்ட மனிதரின் நிலையும் இதுவே. மூளை கட்டளை இடுகிறது. கால்களில் தசைகள் இருக்கின்றன. ஆனால் கட்டளை போய்ச் சேரும் வழி அறுந்து கிடக்கிறது.

மின்கம்பியை ஒரு பகல்பொழுதில் இணைத்துவிடலாம். தண்டுவடத்தை ஏன் இணைக்க முடிவதில்லை? இந்த ஒரு வினாவுக்கு விடை தேடியே ஆய்வாளர்கள் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து வருகிறார்கள்.

விரல் பருமனுள்ள வடம்

முதுகெலும்புக் கோவையின் நடுவே உள்ள குழாயில் தண்டுவடம் பாதுகாப்பாக இருக்கிறது. வளர்ந்த மனிதரில் அதன் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ.; பருமன் நம் சுண்டு விரல் அளவு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் உடலெங்கும் பிரிந்து செல்கின்றன. இதற்குள் இலட்சக்கணக்கான நரம்பிழைகள் மேலும் கீழுமாகச் செய்திகளைக் கடத்துகின்றன.

மரத்திலிருந்து விழுதல், மாடியிலிருந்து விழுதல், சாலை விபத்து ஆகியவையே நம் நாட்டில் தண்டுவடம் அடிபடுவதற்கு முக்கியக் காரணங்கள். இடுப்புக்கு மேலே அடிபட்டால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் அடிபட்டால் கைகளும் சேர்ந்து செயலிழக்கும். தொடு உணர்வு போய்விடும். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நில்லா.

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்தவரைப் பற்றிக் கூறுகிறது. இது மருத்துவம் செய்ய இயலாத நோய் என்பதே அந்த மருத்துவரின் முடிவு. முதல் உலகப் போர்க் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர்.

விதையா, நிலமா?

ஸ்பெயின் நாட்டு அறிவியலார் சான்டியாகோ ரமோன் இ காஹால், 1906-இல் கோல்கியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அறுபட்ட நரம்பிழைகளை அவர் நுண்ணோக்கியில் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் அது மெல்ல வளர்ந்து இலக்கை அடையக்கூடும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழைகளோ சிறிது தளிர்த்து, பின் நின்றுவிடும். இதைக் கண்ட பலரும், வளரும் ஆற்றலே இவற்றுக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட்டனர்.

ஆனால் காஹாலின் இளம் மாணவர் பிரான்சிஸ்கோ தெய்யோ 1911-இல் ஒரு சோதனை செய்தார். முயலின் கால் நரம்புத் துண்டை அதன் மூளையில் பதித்து வைத்தார். அந்தத் துண்டுக்குள் இழைகள் புகுந்து வளர்ந்திருப்பதைக் கண்டார். விதையில் குறையில்லை, நிலத்தில்தான் குறையோ என்ற ஐயம் எழுந்தது. எனினும் அந்த இழைகள் உண்மையில் மூளை நரம்பணுக்களிலிருந்து புறப்பட்டவையே என்று ஐயமற மெய்ப்பிக்க அன்று வழியில்லை. அச்செய்தி எழுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியவர்கள் கனடாவிலுள்ள மான்ட்ரியால் நகரத்து ஆய்வாளர்கள். ஆல்பர்ட் அகுவாயோவும் அவரிடம் பணியாற்றிய இளம் ஆய்வாளர் சாமுவேல் டேவிட்டும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்தனர். அதன் ஒரு முனையை மூளையடித் தண்டிலும், மறுமுனையைத் தண்டுவடத்திலும் செருகி ஒரு பாலம் அமைத்தனர். பல மாதங்கள் கழித்து, இழைகளின் வழியே பின்னோக்கிச் சென்று அவை புறப்படும் அணுவையே நிறம் காட்டும் ஒரு நொதியைச் செலுத்திப் பார்த்தனர். மூளையடித் தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களே அந்தப் பாலத்தின் வழியாக ஏறத்தாழ 3 செ.மீ. தொலைவு இழை நீட்டியிருந்தன! பாலத்தின் மறுமுனையை அடைந்து மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிட்டது. 1981-இல் வெளியான இவ்வாய்வு பழைய நம்பிக்கையை அசைத்துவிட்டது.

அப்படியானால் நிலத்தில் உள்ள தடை யாது? சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் 1988-இல் விடையின் ஒரு பகுதியைக் கண்டனர். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையில், வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருந்தன. அப்புரதத்தை அடக்கும் எதிர்ப்பொருளை எலிக்குச் செலுத்தியபோது தண்டுவட இழைகள் சில மீண்டும் வளர்ந்தன என்று 1990-இல் அறிவித்தனர். காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பும் மற்றொரு தடை என்பது பின்னர் தெரியவந்தது.

ஆய்க்குடியில் ஓர் இளைஞர்

மான்ட்ரியால் ஆய்வு வெளியான அதே 1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில், அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தோன்றியது. குற்றாலத்தில் இறங்கித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் படுகையிலுள்ள ஊர் இது.

சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தவர். 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவருக்கு மருத்துவம் செய்து ஊக்கமும் தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சங்கத்துக்குச் சூட்டினார். சில குழந்தைகளுடன் தொடங்கிய பணி, பள்ளியும் தண்டுவடம் அடிபட்டோருக்கான மறுவாழ்வுப் பிரிவும் கொண்டதாக வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கழுத்தில் அடிபட்ட ஒருவர் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்து பணி செய்ய முடிந்தது எப்படி? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீரைத் தூய்மையாக வெளியேற்றச் செய்தார். உடற்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் விளையாட்டும் கொடுத்தார். இறந்துவிடுவார்கள் எனக் கருதப்பட்டோர் வேலைக்குத் திரும்பினர். நம் வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

2018-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டி, பயிற்சியும் அளித்து, கால் செயலிழந்த மூவரைத் துணையுடன் நடக்கச் செய்தனர். காயத்தைத் தாண்டி எஞ்சியிருந்த சில இழைகளுக்கு இது வலுவூட்டியது. எனினும் முற்றிலும் அறுந்த தண்டுவடத்தை முன்போல் ஆக்கித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. எலியின் உடலில் இழை கடக்க வேண்டியது சில செ.மீ.; மனிதரில் அது பல மடங்கு. வளர்ந்தால் மட்டும் போதாது. சரியான அணுவைத் தேடிச் சென்று இணையவும் வேண்டும்.

ஆகவே, குருத்தணு ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று பணம் பறிக்கும் விளம்பரங்களை நம்பி நிலத்தை விற்க வேண்டா. தண்டுவடக் காயத்துக்குக் குருத்தணுக்களை அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனைக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. முறையான ஆய்வில் சேருவோரிடம் மருந்துக்கு விலை கேட்பதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

மற்றொன்றையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். பனையிலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்தவரைத் தோளும் காலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது பெருந்தீங்கு. எஞ்சியிருக்கும் இழைகளும் அப்போது அறுபடலாம். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல், உடலை நேராக வைத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். வேறு வழியே இல்லையெனில், பலர் சேர்ந்து ஒரே சீராகத் தூக்கிப் பலகையில் கிடத்த வேண்டும்.

அறுந்த இழைக்கு வளரும் ஆற்றல் உண்டு, சூழல்தான் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடம் கண்டது. அடிபட்ட மனிதருக்கும் அது பொருந்தும் என்பதை ஆய்க்குடி காட்டியது. முதல் தடையை நீக்க அறிவியலார் இன்னும் உழைக்க வேண்டும். இரண்டாவது தடையை நீக்கச் சாய்தளமும், சக்கர நாற்காலியும், வேலைவாய்ப்பும் போதும். அதற்காக நாம் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை.