மீன்களின் உடல்நிலைக் காரணி

மீன்களின் உடல்நிலைக் காரணி என்பது, ஒரு மீன் அதன் நீளத்திற்கு ஏற்ற எடையுடன் உள்ளதா என்பதைக் காட்டும் எண் ஆகும். ஒரே நீளமுள்ள, ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மீன்களில் எடை கூடியது நன்கு உணவு உண்டு கொழுப்பைச் சேமித்துள்ளது என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும். ஆற்றில் வாழும் இயல்மீன்களின் நலத்தையும், அதன் வழியாக ஆற்றின் நிலையையும் அறிய இக்காரணி பயன்படுகின்றது. எனினும் இது மீனின் வளர்ச்சி வீதத்தைக் குறிப்பது அன்று. இவ்விரண்டும் தனித்தனியே அளக்கப்படல் வேண்டும்.

கணிக்கும் முறை

பரவலாகப் பயன்படும் வாய்பாடு ஃபுல்ட்டன் என்பவரின் பெயரால் வழங்குகின்றது:

உ = 100 × எ ÷ நீ³

இங்கு உ என்பது உடல்நிலைக் காரணி, எ என்பது கிராமில் எடை, நீ என்பது சென்டிமீட்டரில் நீளம். எடுத்துக்காட்டாக, 20 செ.மீ. நீளமும் 80 கிராம் எடையும் உள்ள மீனின் காரணி 1.0 ஆகும். அதே நீளமுள்ள மீன் 64 கிராம் மட்டும் இருப்பின் காரணி 0.8 எனக் குறையும்.

மீன் வளரும்போது அதன் உடல் வடிவம் மாறுவதில்லை என்ற எடுகோளின் மீது இவ்வாய்பாடு அமைந்துள்ளது. உண்மையில் பல மீன்களின் எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கிற்குச் சரியாக ஈடாக உயர்வதில்லை. அந்த அடுக்கெண் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை அமைகின்றது. இக்குறையைக் களைய, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் பெர்ச் மீன்களை ஆய்ந்த லெ கிரென், 1951இல் சார்பு உடல்நிலைக் காரணியை விளக்கினார். இதில் மீனின் எடை, அந்நீளத்திற்கு எதிர்பார்க்கப்படும் எடையால் வகுக்கப்படுகின்றது. விடை 1 எனில் மீன் சராசரி நிலையில் உள்ளது எனலாம்.

கவனிக்க வேண்டியவை

* வெவ்வேறு இனங்களின் ஃபுல்ட்டன் காரணிகளை ஒப்பிடுதல் தவறாகும். நீண்டு மெலிந்த விலாங்கின் காரணி, நலமுள்ள கெண்டையின் காரணியை விட எப்போதும் குறைவாகவே இருக்கும்.
* சினை முதிரும் காலத்தில் எடை கூடி, முட்டையிட்ட பின் குறையும். ஆகவே ஒப்பிடும் மீன்கள் ஒரே பருவத்தில் பிடிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.
* வால்நுனி வரை அளப்பதா, வால்துடுப்பின் அடி வரை அளப்பதா என்பதைப் பொறுத்துக் காரணி மாறும்.
* பட்டினியில் கொழுப்பு கரையும்போது உடலில் நீரின் பங்கு கூடும். எனவே உண்மையான இழப்பை எடை முழுமையாகக் காட்டுவதில்லை.

வளர்ச்சியை அளத்தல்

செதில்களிலும் செவிக்கற்களிலும் காணப்படும் வளையங்களைக் கொண்டு மீனின் வயது கணிக்கப்படுகின்றது. குளிர்காலத்தில் வளர்ச்சி தடைப்படும் நாடுகளில் இவ்வளையங்கள் தெளிவாக உள்ளன. வெப்பமண்டல ஆறுகளில் இவற்றைப் படிப்பது கடினம். செவிக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டியிருப்பதால், அருகி வரும் இனங்களில் நுண்சில்லு பொருத்தி விடுவித்து, மீண்டும் பிடித்து அளக்கும் முறை பின்பற்றப்படுகின்றது.

எடுத்துக்காட்டு: கொலராடோ ஆறு

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகைக்கே உரிய கூன்முதுகுச் சப் என்னும் மீன் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. 1963இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஆற்று நீர் குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கியும் கோடையில் 25° செல்சியசைத் தாண்டியும் இருந்தது. அணை நிரம்பிய பின், ஆழத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அணைக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 8° முதல் 12° வரையே இருந்தது.

மீன்கள் சுற்றுப்புற வெப்பநிலைக்கேற்ப உடல் வெப்பம் மாறும் உயிரிகள் ஆதலால், குளிர்ந்த நீரில் செரிமானமும் வளர்ச்சியும் மந்தமாகின்றன. கோடையில் வெதுவெதுப்பாகும் லிட்டில் கொலராடோ கிளையாற்றில் இம்மீனின் குஞ்சுகள் விரைவாக வளர்ந்தன. முதன்மை ஆற்றில் அவை மெதுவாகவே வளர்ந்தன. நெடுநாள் சிறிதாகவே இருக்கும் குஞ்சு, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட டிரவுட் மீன்களுக்கு எளிதில் இரையாகின்றது. தேவையான உணவு கிடைத்தால் அக்குஞ்சு மெலியாமலும் இருக்கலாம். அப்போது உடல்நிலைக் காரணி மட்டும் நோக்கப்படின் இத்தீங்கு புலப்படாது.

2000களின் தொடக்கத்தில் ஏற்பட்ட வறட்சியால் பவல் நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழ்ந்து, சற்று வெப்பமான மேல்நீர் வெளியேறத் தொடங்கியது. பின்னர் கிராண்ட் கேன்யனின் மேற்குப் பகுதியில் இம்மீன்கள் பெருகின. 2021இல் இவ்வினம் 'அருகிய இனம்' என்னும் நிலையிலிருந்து 'அச்சுறுத்தலுக்குள்ளான இனம்' என்னும் நிலைக்கு மாற்றப்பட்டது.

ஆனால் அதே வெப்பம் சிறுவாய் பாஸ் என்னும் அயல் கொன்றுண்ணி மீனுக்கும் ஏற்றதாக அமைந்தது. அது அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்வது 2022இல் கண்டறியப்பட்டது. அதைத் தடுக்க 2024இல் அணையின் ஆழத்திலிருந்து குளிர்நீர் கலந்து விடப்பட்டது. இயல்மீனின் வளர்ச்சிக்குத் தேவையான வெப்பமே அதன் பகையையும் வளர்ப்பதால், ஆற்றில் எவ்வளவு வெப்பம் இருக்க வேண்டும் என்பது இங்கு எளிதில் தீராத சிக்கலாக உள்ளது.