பழைய சிறு விமானங்களின் ஆண்டுக் கூடுகை

பழைய சிறு விமானங்களை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து, ஒரே திடலில் இறங்கிக் கூடுவதை ‘ஃப்ளை-இன்’ என்கிறார்கள். விமானக் கண்காட்சிக்குப் போகிறவர் சீட்டு வாங்கி வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார். இங்கே வேலி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. இறக்கைக்கு அடியில் கூடாரம் அடித்து இரவு தங்குவார்கள், பக்கத்து விமானத்தின் எஞ்சின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள், எங்கேயும் கிடைக்காத ஓர் உதிரிப்பாகத்துக்காக மணிக்கணக்கில் விசாரிப்பார்கள். வருகின்றவை பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-கள் வரை செய்யப்பட்ட, ஒருவர் அல்லது இருவர் அமரும் விமானங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேரூன்றிய இந்த வழக்கம் இலங்கையில் தலையெடுக்கவில்லை. பதுளையையும் மொனராகலையையும் சேர்த்த ஊவா மாகாணத்தில் அதற்கான தடயமே இல்லை. அதே விமானங்கள் இந்தத் தீவுக்கும் வந்தன என்பதால், இது ஆராயத்தக்க கேள்வியாகிறது.

கதையின் தொடக்கம் 1925 பெப்ரவரி 22. அன்றுதான் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தாம் வடிவமைத்த டி.எச்.60 மோத் விமானத்தை லண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் திடலில் முதன்முறையாகப் பறக்கவிட்டார். மரச்சட்டம், மேலே துணி, இரண்டு இருக்கை, மடித்து வைக்கக்கூடிய இறக்கைகள். கார் வைத்திருக்கும் வசதிபடைத்த குடும்பம் ஒன்று விமானமும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை உண்டாக்கியது இந்த மோத்தான். பிரிட்டிஷ் அரசு பறப்புக் கழகங்களுக்கு மானியம் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். சில ஆண்டுகளுக்குள் அந்த அலை இந்தியாவை எட்டியது. டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா என்று கழகங்கள் முளைத்தன. 1929-இல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1930-இல் சென்னைப் பறப்புக் கழகம் பரங்கிமலைப் பக்கம் பறக்கத் தொடங்கியது.

1931 அக்டோபர் 26 அன்று மோத் குடும்பத்தில் டைகர் மோத் பிறந்தது. 8,000-க்கும் மேல் செய்யப்பட்ட இந்த ஈரடுக்கு இறக்கை விமானம்தான் இன்றைய கூடுகைகளின் செல்லப்பிள்ளை. அதை எழுப்பிவிடுவதே ஒரு சடங்கு. பலவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுற்றி எஞ்சினுக்குள் பெட்ரோலை இழுக்கவைக்க வேண்டும். பிறகு ஓட்டுபவர் சுவிட்சைப் போட்டுக் குரல் கொடுப்பார். முன்னால் நிற்பவர் காற்றாடியை ஒரே வீச்சில் தள்ளிவிட்டுச் சட்டென்று விலக வேண்டும், தாமதித்தால் கை போய்விடும். 130 குதிரைத்திறன் கொண்ட ஜிப்ஸி மேஜர் எஞ்சின் நான்கு சிலிண்டர்களையும் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு, எண்ணெய் சொட்டிக்கொண்டே ஓடும். மேல் இறக்கையின் நடுவில் பெட்ரோல் தொட்டி. எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது அதன் மேல் நிற்கும் ஒரு சிறு குழாயும் அதனுள் ஏறி இறங்கும் மிதவையும். ஆரம்பத்தில் செய்தவற்றில் பிரேக்கும் இல்லை. வாலுக்கடியில் மண்ணைக் கீறிக்கொண்டு போகும் ஒரு சறுக்குக் கட்டைதான் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் இவற்றுக்குத் தார்போட்ட ஓடுபாதையைவிட விரிந்த புல்தரையே ஒத்துவரும். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அதற்கு எதிர்முகமாக இறங்க முடிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான பயிற்சி விமானங்கள் வேலையற்றுப் போயின. படைகள் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு விற்றுத் தள்ளின. பிரிட்டனில் டைகர் மோத்தும் அமெரிக்காவில் ஸ்டியர்மனும் பைப்பர் கப்பும் பள்ளி ஆசிரியர், பண்ணைக்காரர், மெக்கானிக் ஆகியோர் கைக்கு வந்தது இப்படித்தான். இந்த மலிவுச் சரக்கு இல்லாவிட்டால் கூடுகை என்ற வழக்கமே தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

1953 இதில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தம் வீட்டில் விமானம் கட்டும் நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ஐயோவாவில் ராபர்ட் டெய்லர் பழைய விமானங்களுக்கென்றே இன்னொரு சங்கம் தொடங்கினார். டெய்லரின் சங்கம் பின்னர் பிளேக்ஸ்பர்க் என்ற சிற்றூரின் புல்திடலுக்குக் குடிபோனது. அங்கே கோடை முடிவில் நடக்கும் கூடுகை இன்றும் பெரிதாக விளம்பரம் தேடாத, உறுப்பினர்களுக்கான விழாவாகவே இருக்கிறது. போபெரெஸ்னியின் சங்கமோ வேறு பாதையில் போயிற்று. முதல் கூடுகைக்கு ஒரு சில விமானங்களே வந்தன. 1959-இல் ராக்ஃபோர்டுக்கும் 1970-இல் ஆஷ்கோஷுக்கும் இடம்பெயர்ந்த அந்த விழாவுக்கு இப்போது ஒரே வாரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் வருகின்றன. பிரிட்டனில் 1975-இல் மோத் உரிமையாளர்களுக்கென்று ஒரு கழகம் உருவானது. அது 1980-களிலிருந்து பல ஆண்டுகள் வோபர்ன் மாளிகைத் திடலில் கூடியது. மோத் ஓட்டிப் புகழ்பெற்று, 1937-இல் விமானத்தோடு காணாமல்போன பெட்ஃபோர்டு சீமாட்டி வாழ்ந்த மாளிகை அது.

ஆஷ்கோஷில் இறங்கும் முறை பதுளை வாசகருக்குச் சுவையாக இருக்கும். வானொலியில் எல்லோரும் பேசத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே விமானிகள் ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஃபிஸ்க் வரை வர வேண்டும். கீழே நிற்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தைச் சொல்லி அழைப்பார். பதிலுக்கு விமானி வாய் திறக்கக் கூடாது, இறக்கையை இருபுறமும் ஆட்டிக் காட்டினால் போதும். தண்டவாளத்தைப் பார்த்துத் திசை பிடிப்பது பறப்பின் ஆரம்ப காலத்துப் பழக்கம். 1924-இல் பதுளை வந்து சேர்ந்த நம் மலைநாட்டுப் பாதையை இப்படித் தொடர முடியாது. சுரங்கம் சுரங்கமாக மலைக்குள் புகுந்து மறைந்து, தெமோதரையில் தன்னையே சுற்றி வளைந்து தனக்கடியிலேயே நுழைந்து போகும் தண்டவாளம் அது.

இலங்கையில் முதல் பறப்பு பந்தயத் திடலில் நடந்தது. 1912 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் மார்க் பூர்ப் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து விமானத்தை எழுப்பிப் பறந்து காட்டினார். நிரந்தர விமான நிலையம் வர இன்னும் இருபதாண்டுக்கு மேல் ஆனது. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதலாவதாக இறங்கியது சென்னையிலிருந்து வந்த ஒரு சிறு விமானம்தான். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல்-பிஸ்கோ ஓட்டி வந்த புஸ் மோத் அது. 1938 பெப்ரவரி 28 அன்று டாட்டாவின் தபால் விமானமும் வந்தது. இன்றைய கூடுகைகளில் மாலை மரியாதையோடு வரவேற்கப்படும் மோத் இனம்தான் இலங்கையின் விமான நிலையத்தைத் திறந்துவைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இங்கே அவை தனியார் முற்றத்துக்குப் போகவில்லை. கழகத்திடமோ அரசிடமோதான் இருந்தன. 1951 மார்ச் 2-இல் உருவான இலங்கை விமானப்படை சிப்மங்க் பயிற்சி விமானங்களோடு தொடங்கியது, பிறகு பாலியால் என்ற பயிற்சி விமானம் வந்தது. படை விட்டொழித்தவை மலிவு விலையில் ஊர் மெக்கானிக்கின் கைக்கு வரும் நிலை இல்லை. அவற்றின் முதுமைக்காலம் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் கழிகிறது. டைகர் மோத், சிப்மங்க், டவ், ஹெரன் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியுள்ள பாலியாலும் அங்கே உண்டு. தூசி தட்டிப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள், பறப்பதைப் பார்க்க வழியில்லை என்பதுதான் குறை. இந்தியாவிலும் பாதை ஏறத்தாழ இதேதான். ஆனால் இந்திய விமானப்படை ஒரு டைகர் மோத்தை பிரிட்டனில் செப்பனிடவைத்து 2012-இல் மீண்டும் பறக்கவிட்டது.

தன் விமானத்தைத் தானே கட்டிப் பறக்கும் போபெரெஸ்னி வகை மனிதர் இலங்கையில் இல்லாமலில்லை. ரே விஜேவர்தன (1924–2010) பொறியியலாளர், இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். இத்தனைக்கும் இடையே இலகு விமானங்களைத் தாமே வடிவமைத்து, கட்டி, பறந்தும் காட்டினார். சிலாபத்துக்கு அருகே அவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. தட்டையான கரையோர நிலம் அது.

தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கொடுப்பினை கிடையாது. பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர், பண்டாரவளை 1,200-க்கு மேல், அப்புத்தளை 1,400-க்கு மேல், நமுனுகுல சிகரம் 2,036 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், எஞ்சின் வலுவிழக்கும், மேலெழ அதிக ஓட்டம் தேவைப்படும். ஒரு தோட்டத்தில் தட்டையாக இருப்பது பெரும்பாலும் இளைஞர்கள் கிரிக்கெட் ஆடும் கிரவுண்டு ஒன்றுதான். தேர்தல் காலத்தில் அரசியல்வாதியின் ஹெலிகொப்டர் இறங்க மட்டுமே அது போதும்.

காற்றும் ஒரு காரணம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, அப்புத்தளைக் கணவாய் வழியாக உலர்ந்து ஊவாவுக்குள் பாய்கிறது. கிழக்குக் கரையில் கச்சான் என்று பெயர் பெறும் காற்றும் இதன் தொடர்ச்சிதான். கொழுந்தை வாட்டி, ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தத் தனி மணத்தைத் தருவது இந்த உலர்காற்று. கொழும்பு ஏலத்தில் விலையை ஏற்றும் அதே காற்று, மலைமுகட்டைத் தாண்டியதும் கீழ்நோக்கிச் சுழன்று விழுவதால், துணி போர்த்திய விமானத்தைக் குலைத்துவிடும். மழைக்காலத்தில் மூடுபனி வேறு. 2020 ஜனவரி 3 அன்று வீரவிலவிலிருந்து கண்காணிப்புக்குக் கிளம்பிய விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளையருகே விழுந்து அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். இரட்டை எஞ்சின் கொண்ட நவீன விமானம் அது.

ஊவாவுக்குச் சிறு விமானத்தால் கிடைத்த பெரிய பயன் மேலிருந்து எடுத்த படங்கள்தான். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு ஹன்டிங் சர்வே நிறுவனம் 1956-இல் வானிலிருந்து எடுத்த படங்கள் நாட்டின் வரைபட வேலைக்கு அடித்தளமாயின. நில அளவைப் பயிற்சிக்குப் பெயர்போன தியத்தலாவை ஊவாவிலேயே இருக்கிறது. அங்கே விமானப்படைக்கும் பயிற்சிப் பள்ளி உண்டு, ஆனால் தரைப் பயிற்சிக்கானது.

இயந்திரப் பைத்தியங்கள் ஓரிடத்தில் கூடும் வழக்கம் ஊவாவில் வேறு உருவில் இருந்தது. தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் மேட்டில் இராணுவம் நடத்திவந்த கார், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் தோட்டப்புற இளைஞர்கள் லொறியேறி வருவார்கள். 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே பாதை விலகிய கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து ஏழு பேர் பலியானார்கள். கூட்டம் சேரும் எந்த இயந்திர விழாவிலும் பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் கேள்வி. ஆஷ்கோஷில்கூட ஓடும் காற்றாடிக்குப் பக்கத்தில் யாரும் போகாதபடி தொண்டர்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் முன்னால் போய் வழிவிலக்குகிறார்கள்.

ஊவாவில் புல்திடல் தேட வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி வெல்லவாய, புத்தளை பக்கம் போக வேண்டும். பெல்வத்தையும் செவனகலையும் கரும்பு வயல்களாக விரிந்து கிடக்கும் தாழ்நிலம் அது. வெயில் கடுமை, யானை நடமாட்டமும் உண்டு.